ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர்

"ஒரு மில்லிமீட்டர்தானே பாப்பா? என் நகத்துல வர்ற வெள்ளைகூட அதைவிடப் பெருசு."

"ஒண்ணு புள்ளி ரெண்டு, அண்ணி."

"சரி, ஒண்ணு புள்ளி ரெண்டு. அதுக்காக மனுஷனைக் கட்டிப் போட்டுட்டு, டிவி பாக்கிற மாதிரி எல்லாரும் உக்காந்திருக்கீங்களே!"

அண்ணி கட்டுப்பாட்டு அறையின் வாசலில் நின்றாள். உள்ளே வர அனுமதியில்லை, வெளியே போக மனமில்லை. ஒரு காலை மட்டும் உள்ளே வைத்திருந்தாள்.

திரையில் அண்ணன் படுத்திருந்தார். வலை போன்ற முகமூடி முகத்தோடு ஒட்டி, மேஜையோடு சேர்த்துத் திருகப்பட்டிருந்தது. அசையக் கூடாது என்றார்கள். பதினொரு நிமிடமாக அசையவில்லை.

கட்டி வலது கண்ணின் நரம்பை உரசிக்கொண்டு இருந்தது. இடது கண்ணை அது போன வருஷமே எடுத்துக்கொண்டது.

அண்ணன் தையற்காரர்.

சுவருக்கு அந்தப் பக்கம், புரோட்டான்களை முடுக்கி மெல்லிய கற்றையாக அனுப்பும் இயந்திரம். நாற்பது மீட்டர் நீளமுள்ள குழாய்க்குள் ஓடி வந்து, கற்றை அண்ணனின் கட்டியைச் சுட வேண்டும். குழாயின் கடைசி வளைவைத் தாண்டி இருந்த கருவி, இங்கேயே வேலை பார்க்கும் தங்கையின் பொறுப்பு.

அதில் நான்கு உலோகத் தகடுகள். கற்றை எதையும் தொடாமல் நடுவே போகும். நான்கு தகடும் ஒரே அளவு துடித்தால் கற்றை நடுவில் போகிறது என்று அர்த்தம். இருட்டில் நடந்து போகிறவர் எந்தச் சுவர் ஓரமாகப் போகிறார் என்று காலடிச் சத்தத்தை வைத்தே சொல்வதைப் போல.

இன்று இடது தகடு அதிகமாகத் துடித்தது. காலையில் சோதனைக்கு விட்ட மூன்று கற்றைகளிலும் சரியாக வந்தது, பிறகு அண்ணனைப் படுக்க வைத்ததும் விலகியது என்றிருந்தால் இயந்திரத்தைத் திட்டலாம். அப்படியில்லை. முதல் கற்றையிலிருந்தே நடுவிலிருந்து ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர் விலகல். எண் தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில்தான் படுக்க வைத்தார்கள். ஒன்றைத் தாண்டினால் இயந்திரம் தானே நின்றுவிடும்.

இதற்குப் பின்னால் இன்னொரு கருவி இருந்தது. அது எத்தனை புரோட்டான் வந்தது என்று எண்ணும். எங்கே வந்தது என்று சொல்லாது.

ஷிப்ட் இன்ஜினியர் ஒரு தாளைத் தங்கையின் முன்னால் வைத்தார். பேனாவின் மூடியையும் அவரே திறந்து வைத்தார்.

"பாரும்மா, வழி ரெண்டுதான். கற்றை சரி, கருவிதான் நகர்ந்திருக்குன்னு எழுதிக் குடு. எல்லையை ஒண்ணரைக்கு ஏத்திட்டு இப்பவே ஓட்டிடலாம். இல்லைன்னா அளவெடுக்கிறவங்க திங்கக்கிழமை வரட்டும்."

இன்று வெள்ளி. குழாயின் காற்றை உறிஞ்சும் பம்ப்பை மாற்றியதில் ஏற்கெனவே இரண்டு நாள் சிகிச்சை போயிருந்தது. அதற்கு மேல் இடைவெளி விட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"ஆனா கருவி எப்படி நகரும்? நட்டு போட்டு இறுக்கினது. நேத்து பூகம்பம் ஏதும் வந்துச்சா?"

இன்ஜினியர் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவள் பேனாவை எடுத்து 'கருவி' என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை.

நேற்று சாயங்காலம் பம்ப் வேலை முடிந்தபோது, ஸ்பேனர் குழாய்க்கு அந்தப் பக்கம் கிடந்தது. சுற்றிப் போனால் ஐந்து நிமிடம். எப்படியாவது காலையில் இயந்திரம் ஓட வேண்டும், அண்ணனுக்கு மூன்றாவது நாளும் தவறிவிடக் கூடாது என்ற அவசரத்தில் அந்த ஐந்து நிமிடம் பெரிதாகத் தெரிந்தது.

கருவியின் தாங்கியில் 'மிதிக்காதீர்' என்று ஒரு மஞ்சள் சீட்டு உண்டு. அதை ஒட்டியவள் அவள்தான்.

அப்படியிருந்தும் இடது காலைத் தாங்கியின் மேல் வைத்தாள். ஒரே ஒரு நொடி. ஏறித் தாண்டிவிட்டாள். தாங்கி லேசாக முனகியது.

அந்த முனகல் எத்தனை மில்லிமீட்டர்?

ஒன்று புள்ளி இரண்டு என்றால் கற்றை நேராகத்தான் வருகிறது. கையெழுத்துப் போடலாம். ஒன்றுமே இல்லை என்றால், கற்றையை வளைக்கும் காந்தங்கள் இரண்டு நாள் அணைந்து கிடந்ததில் மாறிப்போய், அதைக் கண் பக்கம் தள்ளுகின்றன. இரண்டுக்கும் திரையில் ஒரே எண்தான். குழாயின் நடுவை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. அதற்கான லேசர் திங்கட்கிழமை வருகிறவர்களிடம் இருந்தது.

மிதித்தேன் என்று சொல்லிவிடலாம். அந்த நிமிடமே எல்லோருக்கும் நிம்மதியாகிவிடும். அப்படியானால் கருவிதான், எழுதும்மா என்பார்கள். அண்ணிகூட அவளைத் திட்டாமல் கும்பிடுவாள்.

எவ்வளவு நகர்ந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது.

மேஜைக்கு அடியில் அவளுடைய இடது கால் தரையில் படாமல் தூக்கி நின்றது. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது. இவ்வளவு நேரமும் மைக் திறந்தே இருந்திருக்கிறது. திரையில் அண்ணனின் உதடுகள் அசையவில்லை. முகமூடி விடவில்லை. குரல் மட்டும் எங்கோ தொண்டைக்குள்ளிருந்து வந்தது.

"குட்டி, அளவு ஒட்டலேன்னா எங்க கடையில ஒண்ணுதான் கேப்போம். டேப்பு தப்பா, துணி தப்பா? அத மட்டும் சொல்லேன்."