நட்சத்திரக்காரன்

இன்னும் சில நொடிகள்தான். நட்சத்திரக்காரன் வரவில்லை.

அவன் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கோவில்பட்டி வெயிலில் ஜெராக்ஸ் கடைக்கு யாரும் வரவில்லை.

ஏலம் முடிந்தது. பல்கேரியச் சிறுவர் இயக்கத்துப் பழைய பேட்ஜுகள் ஒரு பை நிறைய. அவன் கேட்ட விலைக்கே படிந்துவிட்டது.

ஜெயித்துவிட்டான்.

எரிச்சலாக வந்தது.

பல்கேரியாவின் பழைய கம்யூனிஸ்ட் இளைஞர் சங்கத்துப் பேட்ஜோ உறுப்பினர் புத்தகமோ அந்த இணைய ஏலத்துக்கு வந்தால், கடைசிவரை மல்லுக்கு நிற்பது இரண்டே பேர். இவன் ஒருவன். இன்னொருவன் யாரென்று தெரியாது. ஏலம் கேட்பவர்களின் முழுப் பெயரைத் தளம் காட்டாது. முதல் எழுத்து வி, கடைசி எழுத்து ஏ, நடுவில் எல்லாம் நட்சத்திரம்.

அதனால் நட்சத்திரக்காரன்.

கடைசி நொடியில் வந்து, துளி கூட்டிக் கேட்டு, கொத்திக்கொண்டு போய்விடுவான். இவன் வாய்க்கு வந்தபடி திட்டுவான். பல வருஷமாக இதுதான் நடந்தது.

ஏன் பல்கேரியா என்று கேட்டால் அவனிடம் ஒழுங்கான பதில் கிடையாது. முதலில் வாங்கிய தபால்தலைக் கட்டோடு ஒரு பேட்ஜும் வந்தது, அவ்வளவுதான். விஷயம் கேள்விப்பட்டு ஊர்த் தோழர் ஒருவர் ஆவலாகக் கடைக்கு வந்தார். இவனுக்கு அரசியல் ஒன்றும் தெரியாது என்று புரிந்ததும், சொல்லிவைத்த டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இவன் எதற்கு ஆசைப்படுவான், எதுவரை போவான் என்று தெரிந்த ஒரே ஆள் நட்சத்திரக்காரன்தான்.

அந்த ஆளைத்தான் இரண்டு மாதமாகக் காணோம்.

"உடம்புக்கு முடியலையோ என்னமோ" என்றாள் அவன் மனைவி செண்பகம்.

அவன் பயந்தது அதற்கும் மேல். சேகரிக்கிறவர்கள் இருக்கும்வரை நல்ல பொருளை விற்கமாட்டார்கள். ஆள் போன பிறகு வீட்டில் இருப்பவர்கள் விற்பார்கள். தன்னிடமிருந்து நட்சத்திரக்காரன் தட்டிச் சென்றதெல்லாம் எங்காவது விற்பனைக்கு வந்திருக்கிறதா என்று தினமும் தேடினான். வரவில்லை. நிம்மதியும் வரவில்லை.

ஏலம் கேட்கிற இருவர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள வழியில்லை. விற்கிறவருக்கு மட்டும்தான் எழுதலாம்.

பீரோவைத் திறந்தான்.

சிவப்பு அட்டை. மேலே சங்கப் பெயரின் நான்கெழுத்துச் சுருக்கம். உள்ளே ஒரு பெண்ணின் போட்டோ. பதினாறு வயதிருக்கும். விறைப்பாக இருக்கச் சொல்லியிருப்பார்கள் போல. சிரிப்பை அடக்க முடியாத முகம்.

நட்சத்திரக்காரனை அவன் பெரிதாக ஜெயித்தது அந்த உறுப்பினர் புத்தகத்தில் மட்டும்தான். மிக்சிக்கு வைத்திருந்த பணம் அதில் போயிற்று. அன்றைக்குச் செண்பகம் போட்டோவிலிருந்த பெண்ணுக்கு ஒரு பெயர் வைத்தாள்.

"சின்ன வீட்டையா விக்கப் போறீங்க?"

"வேற எதப் போட்டா அவன் வருவான்?"

அவள் சிவப்பு அட்டையை முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள்.

வேறு எவனாவது வாங்கிவிட்டால்? அது அவனுக்கும் தோன்றாமல் இல்லை. படம் எடுத்து ஏற்றினான்.

ஒரு வாரம் ஏலம். யார் யாரோ கேட்டார்கள். விலை ஏற ஏற, கேட்டவர்களில் வி-யில் தொடங்கும் பெயரைத் தேடினான்.

கடைசி நாள் செண்பகமும் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரேஷன் கார்டு நகலுக்கு வந்தவரிடம், "கொஞ்சம் பொறுங்கண்ணே, ஒருத்தர் வர வேண்டியிருக்கு" என்றாள். அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

வரவில்லை.

வரவில்லை.

வந்துவிட்டான்.

எல்லோருக்கும் மேலே துளி கூட்டி, அதே திமிரோடு.

இவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசைப்பட்டு வாங்கிய பொருள் கையை விட்டுப் போகிறது. இவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

சற்று நேரத்தில் முகவரி வந்தது. பல்கேரியாவில் டான்யூப் நதிக்கரையில் ரூஸே என்ற ஊர். பெயர் வெலிச்கா.

"பொம்பளையா?" என்றாள் செண்பகம்.

கீழே உடைந்த ஆங்கிலத்தில் ஒரு செய்தி.

அன்புள்ள குடும்பத்தாருக்கு. இந்தப் புத்தகம் விற்பனைக்கு வந்ததைப் பார்த்ததுமே புரிந்துகொண்டேன். இதை என்னிடமிருந்து பறித்தவர் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. நான் கண் ஆபரேஷன் செய்து படுத்திருந்தபோது போய்விட்டார் போலிருக்கிறது. முகம் தெரியாது, பெயரும் தெரியாது. ஆனாலும் அழுதேன். இனி யாரோடு சண்டை போடுவேன்?

அவன் திரும்பவும் முதலிலிருந்து படித்தான்.

"என்னங்க எழுதியிருக்காக?"

"நான் செத்துட்டேனாம்."

செண்பகம் ஒரு கணம் முழித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. "உங்களுக்கு ஆயுசு கெட்டி" என்றாள், கண்ணைத் துடைத்தபடி.

நகலுக்கு நின்றவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவன் பதில் எழுத உட்கார்ந்தான். உயிரோடுதான் இருக்கிறேன் என்று எழுதிவிடலாம். பிறகு ஏன் விற்றாய் என்று கேட்பாள். அதற்கும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இத்தனை வருஷம் திட்டியே பழக்கம். விரல் ஓடவில்லை.

கடைசியில் ஒரே வரி எழுதினான்.

உங்களைக் காணோமே என்றுதான் விற்றேன்.

எழுதிவிட்டு அனுப்பக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தான். செண்பகம் கையை நீட்டி அனுப்பிவிட்டாள்.