மல்லிகைச் சரம்

குமாரபாளையத்துச் சீட்டு ஏலத்தில் வசந்தாமணி சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். தனக்கு வரும் தொகையில் அதிகம் விட்டுக்கொடுத்து, தள்ளிக் கேட்பவருக்கே சீட்டு. தள்ளும் பணம் மற்றவர்களுக்குப் பங்கு. அவசரம் தெரிந்துவிட்டால் அந்தத் தள்ளுத்தொகையை வேண்டுமென்றே ஏற்றிவிடுவார்கள். கணவன் ஆப்பரேஷனுக்குப் படுத்திருப்பதை மறைக்கத்தான் இந்தப் பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையும். பக்கத்து வீட்டுத் தறிச்சத்தத்தில் சுவர்க்கண்ணாடி அதிர, அதற்குள் அவள் சிரிப்பும் அதிர்கிறது. "நூறு தள்ளிக்கறனுங்க" என்கிறாள், கொட்டாவியை அடக்குகிறவளைப்போல. அருகில் இருக்கும் சௌந்திரம் அவளுடைய சரிந்த பூவை வாஞ்சையாக ஒதுக்கிவிடுகிறாள். "ஏனுங்க வசந்தா, பூவெல்லாம் ஆஸ்பத்திரி வாசம் அடிக்குதுங்களே?" வெயில் விழுந்த ஜமுக்காளத்தில் அத்தனை முகங்களும் திரும்புகின்றன. அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். "இருநூறு" என்கிறது மூலையில் ஒரு குரல். பூவிலிருந்து கையை எடுக்காமலே, "முந்நூறுங்க" என்கிறாள் சௌந்திரம்.