முதலில் இருந்த பெயர்

"ஏட்டி, எல்லாக் கவர்லயும் 'மாரிக்கண்ணன், ஆண்டாப் ஹில்'னே விழுந்திருக்கு! அழைக்கிற ஆளுகள்ல அப்படி ஒருத்தனே கிடையாதே?"

தாராவியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பேச்சிராஜாவுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். மகள் கோகிலவாணி பழைய கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையைப் பார்த்தாள்.

"பேரு பேரா கவர் அடிக்கிற பேட்ச் ஃபைல் லூப் அப்படித்தாம்ப்பா. ஓட ஆரம்பிக்கையில ஏற்கெனவே எந்தப் பேர் இருக்கோ, அதை ஒரே ஒரு தடவை படிச்சு வச்சிக்கிடும். பொறவு உள்ளுக்குள்ள எத்தனை தடவை பேரை மாத்தினாலும் கண்டுக்காது. முதல்ல இருந்ததையே கடைசி வரைக்கும் அடிக்கும்."

"அரே, மெஷினுக்கு இவ்வளவு பிடிவாதமா! சரி, எனக்கு ஒண்ணுதான் விளங்கல. லூப் ஓடுறதுக்கு முன்னாலயே அவன் பேரை அதுல போட்டது யாரு?"

கோகிலவாணியின் விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றன.

"சும்மா... அடிச்சுப் பாத்தேம்ப்பா."

பேச்சிராஜா ஒரு கவரிலிருந்து பத்திரிகையை உருவினார். மணமகன், நெருளில் அவர் பார்த்து முடித்த மாப்பிள்ளை. மணமகள், கோகிலவாணி.

மகளின் முகத்தைப் பார்த்தார். பத்திரிகையை மெல்லக் கவருக்குள் திருப்பி வைத்தார்.

"நெருள்காரங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ அந்தப் பயலை நாளைக்கு வீட்டுக்கு வரச் சொல்லு."