கடைசி இலக்கம்

மூன்றாவது அபாயச் சங்கும் பொய்தான் என்று சைகலுக்குத் தெரியும். கைபேசியில் அந்த ஊர்க்காரரின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"தோர்-புலாக்," என்றான் எர்மெக், கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலைல ரெண்டு ஊரு, இப்ப இது. நூறு குடும்பம் அலறியடிச்சு மேட்டுக்கு ஓடுது. திருப்தியா?"

பிஷ்கெக்கின் ஜூலை வெயில் மேசை முழுக்கக் கிடந்தது. இருவரும் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்டிருந்த மென்பொருள் அது. மலை மேலே பனி ஏரி வழிகிற வாயில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அளக்கும். ஊருக்கு ஒன்றாக வைத்த எச்சரிக்கைப் பெட்டியில் அந்த எண் முந்நூறைத் தாண்டினால் சங்கு ஊதும்.

இதுவரை அது சென்டிமீட்டரில் அளந்தது. நேற்று வெளியிட்ட பதிப்பிலிருந்து மில்லிமீட்டர். முந்நூறு என்ற எல்லையை மட்டும் ஒவ்வொரு பெட்டியிலும் ஆள்தான் போய் மாற்ற வேண்டும்.

"பதிப்பு எண்ல முதல் இலக்கத்தை மாத்து, 4.0.0ன்னு போடுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்," என்றான் எர்மெக். "அப்படிப் போட்டிருந்தா ஒரு பெட்டியும் தானா ஏத்தியிருக்காது. ஆள் வந்து, படிச்சுப் பார்த்து, எல்லையையும் மாத்திட்டுத்தான் ஏத்தியிருப்பான்."

"எந்த ஆளு? ஒரு வருஷம் ஆனாலும் எவனும் ஏத்த மாட்டான்னுதான்..."

அவள் முடிக்கவில்லை. கடைசி இலக்கத்தை மட்டும் ஒன்று கூட்டி 3.6.2 என்று போட்டது அவள்தான். கடைசி இலக்கம் மாறினால் சின்னத் திருத்தம் என்று பொருள். பெட்டிகள் யாரையும் கேட்காமல் ஏற்றிக்கொள்ளும்.

காலையில் ஊதிய இரண்டு ஊர்களிலும் பெட்டிகள் 380, 450 என்று காட்டின. மேலே ஆடு மேய்த்தவர்கள் போய்ப் பார்த்தார்கள். முழங்கால் தண்ணீர். அதற்குள் ஒரு கிழவர் பாறையில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டிருந்தார்.

"ஒரே நாள்ல மூணு பொய். நாளைக்கு நிஜமாவே வெள்ளம் வந்து சங்கு ஊதினா எவன் ஓடுவான்? போத்திக்கிட்டுப் படுப்பான்."

அவளுக்கும் அந்தப் பயம்தான். எப்படியாவது சங்கை நிறுத்த வேண்டும், இந்த நிமிஷமே.

அழைப்பின் ஏழாவது மணியில் சாதிபெக் எடுத்தார். தோர்-புலாக்கில் பெட்டியைப் பார்த்துக்கொள்பவர். பின்னால் சங்கு அலறியது, நாய்கள் குரைத்தன, யாரோ ஒரு குழந்தையின் பெயரைக் கூவிக்கொண்டே ஓடினார்கள்.

"சாதிபெக் பைகே, சைகல் பேசுறேன்!" என்றாள், அண்ணனை அழைக்கும் மரியாதையோடு.

"நீயா? போன வருஷம் உன் புதுப் பதிப்பு மூணு நாள் என் பெட்டியை முடக்கிப் போட்டுச்சே, அதோட உன் சங்காத்தமே வேணாம்னு இருந்தேன். வை தங்கச்சி, அம்மாவைக் குதிரைல ஏத்தணும்."

"வச்சிராதீங்க! பெட்டில என்ன காட்டுது?"

"நானூத்திப் பன்னெண்டு."

நாற்பத்தொரு சென்டிமீட்டர். முழங்கால்தான். அவளுக்கு மூச்சு திரும்பியது.

"பொய்ச் சங்கு பைகே. நிறுத்துங்க."

"நிச்சயமாவா? மேல போய்ப் பார்க்க இங்க ஒரு ஆளும் இல்லையே."

"எழுதினவ நான் சொல்றேன். முழங்கால் தண்ணி. நிறுத்துங்க!"

ஏன் என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்தாள். பதிப்பு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்ல நா எழவில்லை. அவர் கேட்கவில்லை. எழுதினவளே சொன்ன பிறகு கேட்க என்ன இருக்கிறது? சங்கு பாதியில் அறுந்தது.

"இறங்குங்கப்பா! பொய்யாம்!" என்று அவர் கத்துவது கேட்டது. யாரோ சிரித்தார்கள். ஒருத்தி, இதைச் செய்தவன் வீடு விளங்காது என்று சபித்தாள்.

"எல்லாம் ஆத்தோரத்துக்குத் திரும்பிருச்சு," என்றார் சாதிபெக். "அடுப்புல கறி தீஞ்சுபோச்சாம், அந்தக் கோபம் வேற. குழந்தைங்க குதிச்சுக்கிட்டே முன்னால ஓடுதுங்க."

சைகல் நாற்காலியில் சரிந்தாள். எர்மெக் தேநீர்க் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான். ஒரு மிடறு உள்ளே போனதும் உண்மையைச் சொல்லும் தைரியம் வந்தது.

"மன்னிச்சிருங்க பைகே, தப்பு என்னோடது. நேத்து நான் விட்ட பதிப்பு மில்லிமீட்டர்ல அளக்குது. பழசு மாதிரி சென்டிமீட்டர் இல்ல. அதான் முழங்கால் தண்ணிக்கு நானூறைக் காட்டுது. இன்னைக்கே உங்க பெட்டிலேர்ந்து அதை எடுத்துடலாம்."

மறுமுனையில் அவர் நடை நின்றுபோனது கேட்டது.

"நேத்து விட்டதா? நீ அனுப்புறதை ஏத்தாம நிறுத்தி வச்சு ஒரு வருஷமாச்சே. என் பெட்டில ஓடுறது பழசுதானே, தங்கச்சி?"