குறுக்கே நின்ற கருப்பன்

"அந்தக் கல்லைப் பிடுங்கி எறிங்கய்யா!" என்று கத்தினார் விஸ்வேஸ்வரன். பரவைக்குப் பக்கத்தில் உள்ள டி.வி. கம்பெனியின் மக்கள் நல அதிகாரி. கத்தினாரே தவிர, அவரும் கல் பக்கம் போகவில்லை.

மண்வெட்டியோடு நின்ற முப்பது பேரில் ஒருவரும் அசையவில்லை. கம்பெனியின் ஆசிட் கழிவை ஊருணியில் விட இன்று வாய்க்கால் வெட்ட வேண்டும். ஊரே குடிக்கிற தண்ணீர்! ஆனால் பஞ்சாயத்துக்கு ஒரு டி.வி. கொடுத்துக் கையெழுத்து வாங்கியாயிற்று. கூலிக்கு வந்த ஊர்க்காரர்களையும் வயிறு சும்மா விடுமா?

வெட்ட வேண்டிய இடத்தில், நேற்றுவரை இல்லாத கருப்பசாமி கல் நின்றது. முன்னால் அரிவாள். வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல், கொஞ்சம் வில்வம்.

ஜீப்பிலிருந்து மேனேஜர் சிவசங்கரன் குதித்தார்.

"ஊருக்கு டி.வி. குடுத்தோம்ல? நன்றி வேணாம்? விஸ்வேஸ்வரன், இன்னிக்கு வாய்க்கால் வெட்டலைன்னா நாளைக்கு உமக்கு வேலை கிடையாது!"

வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. விஸ்வேஸ்வரன் கூலிக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

"சோணை, நீதானே இவங்களுக்கு மேஸ்திரி? நீயே பிடுங்கு!"

சோணை கல்லருகே போனான். குனிந்து இலையைப் பார்த்தான். நிமிர்ந்து விஸ்வேஸ்வரனை ஒரு கணம் பார்த்தான். அவ்வளவுதான், அரிவாளை உருவிக்கொண்டு குதித்தான்.

"ஏய்ய்ய்! என் எல்லையில எவன்டா மம்பட்டி போடுறது? என் சனம் குடிக்கிற தண்ணியில விசத்தக் கலப்பியா? ரத்தம் கக்கிச் செத்துருவடா!"

"அய்யா, கருப்பா!" என்று முப்பது பேரும் தரையில் விழுந்தார்கள். அரிவாள் மேனேஜரின் மூக்குக்கு முன்னால் ஆடியது. அவர் பின்வாங்கி ஜீப்பில் முட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"தப்புதான் சாமி! கம்பெனிக்குள்ளேயே தொட்டி கட்டிச் சுத்தம் பண்ணிக்கிறோம்!"

"சத்தியம் பண்ணுடா!"

யாரோ சூடம் ஏற்றினார்கள். முப்பது பேர் பார்க்க, மேனேஜர் அதைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். அடுத்த நிமிடம் ஜீப் பறந்தது.

கூட்டம் கலைந்தது. விஸ்வேஸ்வரன் வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சோணை அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சாமி எப்போதோ மலையேறிவிட்டிருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"கருப்பனை நட்டீங்களே சார், ஒரு சுருட்டு வைக்க வேணாமா?"