கழுத்தில் மஞ்சள் பட்டை

“வாத்து வராம நான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன். டாக்டர்கிட்ட சொல்லிடு!”

படுக்கையில் இருந்தபடியே ஆணையிட்டார் சகின்பெக். ஏரிக்கரைப் பறவைப் படக் கழகத்தின் தலைவர் அவர். செயலாளரும் அவரே. உறுப்பினரும் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எடுக்கும் படம் எதுவும் அவர் தரத்துக்கு வருவதில்லை.

“இதயக் கோளாறு உங்களுக்கா, வாத்துக்கா?” என்றாள் மனைவி பூருல். “நாளைக்கு பிஷ்கேக்ல ஆபரேஷன். மிர்லான் காரோட வாசல்ல நிக்கிறான்.”

“ஆராய்ச்சிக்காரங்க கழுத்துல மஞ்சள் பட்டை மாட்டிவிட்ட வரித்தலை வாத்து! வருஷா வருஷம் முதல் படம் என்னோடதுதான். இமயமலையைத் தாண்டி வந்து என்னைத் தேடினா, அது என்ன நினைக்கும்?”

“அப்பாடான்னு நினைக்கும்.”

ஏப்ரல் பிறந்தும் பனி விட்டபாடில்லை. நேற்றும் கொட்டியிருந்தது. பூருல் அவருடைய கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் போனாள்.

திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது.

“வந்திருக்கு, பாருங்க.” கேமராவை நீட்டிவிட்டு, அடுப்பை அணைக்கத் திரும்பிக்கொண்டாள்.

சகின்பெக் மூக்குக் கண்ணாடியை மாட்டினார். திரையில் வரித்தலை வாத்து. கழுத்தில் மஞ்சள் பட்டை. வெகுநேரம் பார்த்தார்.

“கிழவி, இது நீ எடுத்ததா?”

“பின்னே, வாத்தே எடுத்துக்கிச்சா?” என்றாள் முதுகைக் காட்டியபடி.

“பிரமாதம்! அடுத்தவங்க படத்தை நான் பாராட்டுறது இதுதான் முதல் தடவை. இன்னையிலேர்ந்து நீயும் கழக உறுப்பினர். கோட்டை எடு, கிளம்பலாம்!”

பூருல் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். காரில் சகின்பெக் மடியில் கிடந்த கேமராவை எட்டிப் பார்த்தான் பக்கத்து வீட்டு மிர்லான்.

“என்ன பெரியப்பா இது? ஊரே பனியில புதைஞ்சு கிடக்கு. படத்துல பச்சைப் புல்லும் பூவுமா இருக்கே?”

“மெதுவாப் பேசுடா. போன வருஷம் நான் எடுத்த படம்.”

“தெரிஞ்சுமா கிளம்பிட்டீங்க?”

“அவ பூட்ஸைப் பாரு. முழங்கால் வரைக்கும் ஈரம். ஏரி வரைக்கும் நிஜமாவே போய்த் தேடிட்டுத்தான் பொய் சொல்லியிருக்கா.”