கௌதாரி தேர்ந்தெடுத்த துப்பாக்கி

வேட்டைக்காரர் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தபோது, அவர் கையில் தொங்கிய கூண்டுக்குள் கௌதாரி குதியாய்க் குதித்துக்கொண்டிருந்தது. காட்டில் அது கத்தினால் மற்ற கௌதாரிகள் தேடி வரும், அவர் சுடுவார். அதுதான் அதன் வேலை.

"இன்னிக்கு எங்களுக்குப் புதுத் துப்பாக்கி!" என்று வாசல் கம்பியில் இருந்த சிட்டுக்குருவியிடம் அது கத்தியது. "பழசு ரெண்டு தடவை அமுக்கினா ஒரு தடவைதான் வெடிக்கும். நான் கூப்பிட்டு வந்தவங்க பாதிப் பேர் தப்பிச்சுப் பறந்துட்டாங்க. எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா?"

"அவங்களும் கௌதாரிதானே?" என்றது குருவி.

"தொழில்னா தொழில்!"

கடைக்காரர் முதலில் வெள்ளிப்பூ வேலை செய்த இரட்டைக்குழல் துப்பாக்கியைக் காட்டினார்.

"வெறும் பகட்டு! வேண்டாம்!" என்று கௌதாரி சிறகடித்தது.

அடுத்து, கட்டை தேய்ந்த ஒற்றைக்குழல் வந்தது. வேட்டைக்காரர் அதைத் தோளில் பொருத்திப் பார்த்தார். பத்து முறை திறந்து மூடினார். ஒருமுறைகூடச் சிக்கவில்லை.

"இதுதான்! இதையே எடுங்க!" கௌதாரிக்குத் தலைகால் புரியவில்லை.

விலையும் மலிவுதான். ஆனாலும் கையிலிருந்த பணத்தில் கொஞ்சம் குறைந்தது. கடைக்காரர் கூண்டைப் பார்த்தார்.

"நல்ல துப்பாக்கி கிடைச்சிருச்சு. குறையுற பணத்துக்கு இதைக் குடுத்துட்டு, வேற கௌதாரி பிடிச்சுக்கலாம்ல?" என்றார்.

வேட்டைக்காரர் தலையசைத்தார். கூண்டு கடைக்காரரின் மேசைமேல் ஏறியது.

"படிஞ்சிருச்சு! விலை படிஞ்சிருச்சு!" என்று கௌதாரி குருவியைப் பார்த்துக் கூவியது.

கடைக்காரர் வீட்டுப்பக்கம் திரும்பி மனைவியிடம் சொன்னார்: "மிளகு அரைச்சு வை."